கடல் பக்கம் அடித்தால் அவுட்

1

நாங்கள் குடியிருக்கும் மெல்பேர்ன் நகரத்தில் டிசம்பர் இருபத்தாறாந் திகதி என்றால் கிரிக்கெட். நத்தாருக்கு மறுநாள் காலையில் பெரிய மைதானத்தில் டெஸ்ட் போட்டி தொடங்கும். ரயில் நிறையச் சனம். மஞ்சள் தொப்பியும் பச்சைத் தொப்பியும், சிறுபிள்ளைகளின் கன்னத்தில் வர்ணப் பூச்சும், கையில் குளிர்பெட்டியுமாகக் கந்தூரிக்குப் போவதுபோல் போவார்கள்.

எங்கள் வீட்டில் அது நளீமின் நாள். நளீம் என் மனைவி றிஸ்னாவின் ஒரே தம்பி. எட்டு வருடத்துக்கு முன்னர், கிழக்குக் கரையில் எங்கள் ஊரான சாய்ந்தமருதில், சுனாமியில் மௌத்தானவன். அப்போது அவனுக்குப் பதினேழு வயது. அடக்க மையித்துக் கிடைக்கவில்லை. எங்கள் பக்கத்தில் மாப்பிள்ளைதான் பெண் வீட்டில் போய் இருப்பது வழக்கம் என்பதால், நான் கலியாணம் முடித்த நாளிலிருந்து அவனோடு ஒரே கூரையின் கீழ் இருந்தவன். என் சேர்ட்டைக் கேளாமல் எடுத்துப் போடும் உரிமை அவனுக்கு இருந்தது. அன்று காலை நானும் றிஸ்னாவும் எங்கள் மகன் அனஸும், கடலிலிருந்து உள்ளே தள்ளியிருக்கும் நற்பிட்டிமுனையில் ஒரு சிநேகிதர் வீட்டுக்குப் போயிருந்தோம். அதனால் இருக்கிறோம்.

இங்கே வந்த பிறகும் றிஸ்னா ஒவ்வொரு வருடமும் அந்த நாளில் அவன் பேரில் கத்தம் ஓதுவிப்பாள். நாலைந்து ஊர்க்குடும்பங்கள் வரும். யாசீன் ஓதி, துஆக் கேட்டு, நெய்ச்சோறு சாப்பிட்டுவிட்டு, ஓதி முடிந்து பங்கிடும் நார்சாப் பொதியும் கையில் எடுத்துக்கொண்டு போவார்கள். இப்படி ஓதுவது கூடாது என்று சொல்பவர்கள் இங்கேயும் இருக்கிறார்கள். அவள் காதில் போட்டுக்கொள்வதில்லை. தொலைக்காட்சி அன்று முழுக்க அணைந்தே இருக்கும். ஆனால் பக்கத்து வீட்டுக்காரர் முற்றத்தில் இறைச்சி சுட்டுக்கொண்டு வானொலியைச் சத்தமாக வைப்பார். துஆவுக்கு நாங்கள் ஆமீன் சொல்லும் நேரம் பார்த்து அங்கே ஒரு விக்கெட் விழுந்து சனம் கத்தும்.

இந்த வருடம் மெல்பேர்னுக்கு விளையாட வந்தது எங்கள் நாட்டு அணி. கூத்து அங்கேதான் தொடங்கியது.

2

ஊரில் நான் கணித ஆசிரியர். இங்கே வாகன உதிரிப்பாகங்கள் வைக்கும் ஒரு களஞ்சியத்தில் பொருள் எண்ணிப் பதிகிற வேலை. என் ஆங்கிலம் எழுத்தில் பிழையில்லாதது. வாயில் வரும்போதுதான் கால் தடுக்கும். ஒருவர் பகிடி சொன்னால் அது எனக்கு விளங்கி, பதிலை நான் மனதுக்குள் கட்டி முடிப்பதற்குள் அவர்கள் வேறு கதைக்குப் போயிருப்பார்கள். தேநீர் நேரத்தில் ஆறு வருடமாக நான் சும்மா சிரித்துக்கொண்டிருந்தவன்.

குடியுரிமைச் சோதனைக்குப் படித்த புத்தகத்தில் ஒரு துடுப்பாட்டக்காரரின் பெயர் இருந்தது. ஒரு நாட்டின் பிரஜையாக வேண்டுமென்றால் அந்த நாட்டில் மட்டை பிடித்தவரையும் தெரிந்திருக்க வேண்டும் என்பதை அன்றுதான் அறிந்தேன். எல்லாக் கேள்விக்கும் சரியாக எழுதிக் கொடுத்தேன். முடிவில் அங்கிருந்த பெண் அலுவலர் சிரித்துக்கொண்டு, "இனி எந்த அணிக்குக் கை தட்டுவீர்கள்?" என்று கேட்டாள். அது சோதனையில் சேர்ந்த கேள்வியோ என்று பயந்து, "யார் வெல்லுகிறார்களோ அவர்களுக்கு" என்றேன். பிரஜையாகி விட்டேன்.

எங்கள் களஞ்சியத்தின் மேற்பார்வையாளர் கிரெக் நல்ல மனிதர். கிரிக்கெட் பைத்தியம். எங்கள் அணி முதல் டெஸ்டில் தோற்றதும் தேநீர் மேசையில் என்னைப் பிடித்துக்கொண்டார். "உங்கள் ஆட்கள் ஊரில் நன்றாகத்தானே ஆடுகிறார்கள், இங்கே வந்தால் ஏன் இந்தப் பாடு?"

உண்மையான காரணங்கள் எனக்குத் தெரியும். இந்த மண்ணில் பந்து நெஞ்சுக்கும் தொண்டைக்கும் எழும்பும், எங்கள் ஆடுகளத்தில் முழங்காலைத் தாண்டாது. இங்கே சிறு பிள்ளைகூடத் தோல் பந்தில் பழகுகிறது. எங்கள் கரையில் தோல் பந்தைக் கையில் தொடாமலே வாலிபமாகி, கலியாணம் முடித்து, வயிறு வைத்தவர்கள் அதிகம். எங்கள் கடற்கரையிலிருந்து ஒரு பிள்ளை அந்த அணிக்குப் போனதாக என் நினைவில் இல்லை. அதற்கு மைதானமும் காரணம், யுத்தமும் காரணம், இன்னும் சிலதும் காரணம். இவ்வளவையும் ஆங்கிலத்தில் அடுக்குவதற்குள் தேநீர் நேரம் முடிந்துவிடும் என்று எனக்குத் தெரியும். ஆகவே வாயில் வந்ததைச் சொன்னேன்.

"எங்கள் ஊரில் கடற்கரை மணலில்தான் விளையாட்டு. கிழக்கே கடல், மேற்கே வீதி. ஒரே முனையில் நின்றுதான் அடிப்போம். வலது கைக்காரன் மட்டை பிடித்து நின்றால் அவன் நெஞ்சுக்கு நேரே கடல். ஓஃப் சைட் முழுக்கத் தண்ணீர். பந்து போனால் போனதுதான். அதனால் ஒரு சட்டம் வைத்திருந்தோம். கடல் பக்கம் அடித்தால் அவுட். சின்ன வயதிலிருந்து கடலுக்குப் பயந்து பயந்து எல்லாப் பந்தையும் வீதிப் பக்கம் இழுத்தே பழகிவிட்டோம். இங்கே உங்கள் ஆட்கள் கடல் பக்கமாகப் போடுகிறார்கள். எங்கள் ஆட்கள் என்ன செய்வார்கள்?"

கிரெக் மேசையில் தட்டித் தட்டிச் சிரித்தார். கண்ணைத் துடைத்தார். மற்றவர்களைக் கூப்பிட்டு, திரும்பச் சொல்லச் சொன்னார். இரண்டாம் தடவை நான் எழும்பி நின்று மட்டை பிடித்துக் காட்டினேன். அதற்கும் சிரித்தார்கள். என் ஆங்கிலத்தைப் பார்த்துச் சிரித்தவர்களை அறிவேன், நான் ஆங்கிலத்தில் சொன்ன ஒன்றுக்குச் சிரித்தவர்களை அன்றுதான் கண்டேன். ஒரு மனிதனுக்கு அது எவ்வளவு ருசி என்பதை வெளிநாட்டில் வாயடைத்து இருந்தவர்களிடம்தான் கேட்க வேண்டும். அந்தக் கிழமை முழுக்க என்னைக் காணும்போதெல்லாம் "கடல் பக்கம்!" என்று கையைக் காட்டினார்கள். நானும் கும்பிடு போடாத குறையாகத் தலையாட்டினேன்.

அந்தச் சட்டத்தின் மறுபாதி எனக்குத் தெரியாது என்று நான் சொல்ல முடியாது. தெரியும். தெரிந்துதான் பாதியில் நிறுத்தினேன்.

3

அந்தப் பகிடிக்குப் பரிசாகத்தான் கிரெக் இரண்டு ரிக்கட் தந்தார். முதல் நாள் ஆட்டம், அவருடைய ஆட்களோடு ஒரே வரிசையில் இருக்கை. உனக்கும் மகனுக்கும் என்றார். வேண்டாம் என்று சொல்லியிருக்கலாம். அது என்ன நாள் என்று ஒரு வசனத்தில் சொல்லியிருந்தால் அந்த மனிதர் தொப்பியைக் கழற்றியிருப்பார். நான் "தேங்க் யூ" என்றேன்.

அனஸுக்குப் பதின்மூன்று வயது. பாடசாலை அணியில் முதலாவதாக இறங்கி அடிக்கிறவன். தமிழில் நாங்கள் கேட்டால் ஆங்கிலத்தில் பதில் சொல்வான். தாய்மாமனைப் பற்றி அவனுக்குத் தெரிந்ததெல்லாம் "கடலில் போனவர்" என்பது மட்டும். ரிக்கட்டைக் கண்டதும் துள்ளினான். றிஸ்னா வெங்காயம் வெட்டிக்கொண்டிருந்தவள் நிமிரவில்லை.

"அந்த நாளையிலயா?" என்றாள்.

"பொஸ் தந்தது. எப்பிடி வேணாம் எண்டு சொல்ற?"

"ஓம். பொஸ் தந்தா போகத்தான் வேணும்." அடுத்த வெங்காயத்தை எடுத்தாள். "அஸருக்குள்ள வந்து சேருங்க. ஓத வாறவங்களுக்கு முன்னுக்கு நான் தனிய நிக்க ஏலா."

மைதான வாசலில் சிலர் பதாகை பிடித்துக்கொண்டு நின்றார்கள். இந்த அணியைப் பார்க்காதீர்கள், யுத்தத்தில் செத்த சனத்தை நினையுங்கள் என்று எழுதியிருந்தது. துண்டுப் பிரசுரம் கொடுத்துக்கொண்டிருந்தவர் சிவபாலன். காரைதீவுக்காரர். அவருடைய ஊரும் எங்களுடையதும் ஒன்றையொன்று ஒட்டியவை. சுனாமியில் அவர் தகப்பனை இழந்தவர், யுத்தத்தின் கடைசி மாதங்களில் வன்னியில் அக்காவின் குடும்பத்தை இழந்தவர். போன வருடம் எங்கள் வீட்டுக் கத்தத்துக்கு வந்து, வாசலோரம் உட்கார்ந்து, முடியும்வரை இருந்துவிட்டுப் போனவர்.

"காக்கா, நீங்களுமா உள்ளுக்குப் போறீங்க?"

"வேல செய்யிற இடத்தால வந்தது சிவபாலன்."

அவர் அனஸைப் பார்த்தார். அவன் அவுஸ்திரேலியத் தொப்பி போட்டிருந்தான். சிவபாலனுக்கு அதில் ஒரு ஆறுதல் வந்ததோ என்னவோ, முகத்தில் சிரிப்பு வந்தது. "தம்பி சரியான பக்கம்தான் நிக்கிறார்" என்றார். பிறகு குரலைக் குறைத்துக் கேட்டார். "இண்டைக்கு வீட்ட ஓதல்லயா?"

"ஓதுறம். பின்னேரம். வாங்க."

"வாறன், வாறன். இத முடிச்சிப்போட்டு வாறன்."

பிரசுரத்தை வாங்கிக் காற்சட்டைப் பைக்குள் மடித்து வைத்தேன். யுத்தம் முடிந்த அன்றும் இப்படித்தான். ஒரு பக்கம் கொடி பிடித்தார்கள், ஒரு பக்கம் தெருவில் விழுந்து அழுதார்கள். நான் ஊருக்குத் தொலைபேசி எடுத்து, எல்லாரும் சுகமா என்று கேட்டுவிட்டு வேலைக்குப் போனேன். முஸ்லிம்களான எங்களை யாரும் எந்தப் பக்கத்திலும் எதிர்பார்ப்பதில்லை என்று அப்போது ஒரு சமாதானம் சொல்லிக்கொண்டேன். பைக்குள் மடித்த கடதாசியோடு வாசலைக் கடந்தபோது அந்தச் சமாதானம் உதவவில்லை.

4

ஆட்டத்தைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. எங்கள் ஆட்கள் முதலில் துடுப்பெடுத்து, அன்றைக்கே சுருண்டார்கள். வந்தார்கள், போனார்கள். பந்து வெளியே போகும்போது விடத் தெரியவில்லை, அடிக்கவும் தெரியவில்லை. மட்டை நுனியால் தொட்டுப் பின்னால் நிற்பவன் கையில் கொடுத்தார்கள். என் பகிடிக்குச் சாட்சி சொல்வதற்கென்றே வந்தவர்கள் போல ஆடினார்கள்.

ஒவ்வொரு விக்கெட்டுக்கும் எங்கள் வரிசை முழுக்க எழும்பி, என்னைப் பார்த்து, "கடல் பக்கம்!" என்று கத்தியது. பின் வரிசையில் இருந்தவர்கள் என்ன விசயம் என்று கேட்டார்கள். கிரெக் என்னைச் சொல்லச் சொன்னார். சொன்னேன். அதற்குப் பின்னால் இருந்தவர்களும் கேட்டார்கள். அவர்களுக்கும் சொன்னேன். நின்று, மட்டை பிடித்து, அலைக்குப் பயந்தவன்போல் பின்வாங்கி நடித்தும் காட்டினேன். அந்த அலை நடிப்பு கிரெக்கின் ஆட்களுக்கும் புதிது. நல்ல வரவேற்பு.

அனஸ் என்னைப் புதிய ஆளாகப் பார்த்தான். பாடசாலைக் கூட்டங்களில் அவனுடைய ஆசிரியரிடம் நான் கதைக்கும்போது தரையைப் பார்த்துக்கொண்டு நிற்கும் பிள்ளை. அன்றைக்குத்தான் என் தோளில் கை போட்டான். "வாப்பா, யூ ஆர் ஃபனி" என்றான். எனக்கு உச்சி குளிர்ந்தது. சிங்கக் கொடி சுற்றிக்கொண்டு கொஞ்சம் தள்ளியிருந்த எங்கள் நாட்டுப் பொடியன்கள் சிலர் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். தோற்றுக்கொண்டிருக்கும் அணிக்கு அவர்கள் தொண்டை கிழியக் கத்திக்கொண்டிருந்தார்கள். அவர்களிடமிருந்து நான் முகத்தைத் திருப்பினேன்.

பிற்பகல் வெயிலில் கைக்கடிகாரத்தைப் பார்த்தேன். ஊரில் கடல் வந்த நேரம் இங்கே எப்போதோ கடந்திருந்தது. எந்த விக்கெட்டின்போது கடந்தது என்று எனக்குத் தெரியாது.

5

அஸர் தொழுகை நேரத்துக்கு வந்து சேர்ந்தோம். ஓதி முடிந்தது. சிவபாலனும் வந்திருந்தார், மைதான வாசலில் கண்டதைப் பற்றி ஒரு சொல் சொல்லவில்லை. நெய்ச்சோறு பரிமாறும்போது ஒருவர் அனஸிடம் ஆட்டம் எப்படி என்று கேட்டார். பிள்ளை கள்ளமில்லாதவன். அவனுக்குத் தெரிந்த தமிழில், சந்தோசத்தோடு, அத்தனை பேருக்கும் முன்னால் என் பகிடியை எடுத்துச் சொன்னான். எழும்பி நின்று அலைக்குப் பயந்து பின்வாங்கியும் காட்டினான்.

ஒருவரும் சிரிக்கவில்லை.

றிஸ்னா இறைச்சிக் கறிச் சட்டியைக் கீழே வைத்தாள். அவள் சத்தம் போடுவாள் என்று நினைத்தேன். போட்டிருந்தால் நன்றாயிருந்திருக்கும்.

"அது மெய்தான் மகன்" என்றாள். "கடல் பக்கம் அடிச்சா அவுட். ஒங்கட மாமாதான் அந்தச் சட்டத்துக்குப் பெரிய ஆள். ஆரும் அடிச்சா விட மாட்டான், வாதாடி, அவன்ட கையில இருக்கிற பெட்டப் பறிச்சிருவான். வாப்பா மத்தத ஒனக்குச் சொல்லல்லயா?"

அனஸ் என்னைப் பார்த்தான்.

"அண்டைக்கு ஞாயித்துக்கிழம. காலையில வெளையாடிக்கிட்டு இருந்திருக்கானுகள். இருந்தாப்போல கடல் வத்திப்போச்சாம். தூரத்துக்குப் போய்த்தாம். இவனுகளுக்கு அது என்னண்டு தெரியா. கிரவுண்டு பெரிசாயிட்டு எண்டு சந்தோசமாம். சில பொடியனுகள் மீன் பொறுக்க ஓடினானுகள். மத்தவனுகள் இன்னும் வெளையாடினானுகள். மாமா பெட் புடிச்சவன் கடல் பக்கம் அடிச்சிட்டான். வாழ்க்கையில மொதத் தரம். பந்து ஈர மண்ணுல உருண்டு உருண்டு போகுதாம். அவன்ட கூட்டாளி அஜ்மல் அவுட் எண்டு கத்தினானாம். மாமா பெட்டக் குடுக்கல்ல. 'கடல் எங்கடா? கடலக் காட்டு, பெட்டக் குடுத்திட்டுப் போறன்' எண்டானாம். எல்லாரும் சிரிச்சானுகளாம். அஜ்மலுக்குக் கோவம். வெளையாட்டும் வேணாம் ஒண்டும் வேணாம் எண்டு போட்டு வீட்ட போக வீதிக்கு ஏறிட்டான். அவன் மட்டும்தான் மகன் மிச்சம். பள்ளிக்கூடத்துல நாங்க அகதியா இருக்கக்குள்ள அவன்தான் என்ட உம்மாட, ஒன்ட உம்மும்மாட கையப் புடிச்சி அழுதழுது சொன்னவன்."

சிவபாலன் கண்ணைக் கசக்கிக்கொண்டிருந்தார். அனஸ் ஒரு கிரிக்கெட்காரனுக்கு வரக்கூடிய கேள்வியைத்தான் கேட்டான்.

"அப்ப, மாமா அவுட்டா உம்மா?"

"இல்ல மகன்." அவள் அவன் தலையைத் தடவினாள். "கடல் இல்லாத நேரம் அடிச்சது. அவுட் இல்ல."

எல்லாரும் போன பிறகு சட்டிகளை நான் கழுவினேன். அவள் பக்கத்தில் நின்று துடைத்தாள். மன்னிப்புக் கேட்க வாய் வந்தது, அதற்கும் முகம் வேண்டுமே. அவளே சொன்னாள்.

"அந்தக் கதையச் சொல்ல வேணாம் எண்டு நான் சொல்லல்ல. ஒங்களுக்கு அங்க நாலு பேரோட சிரிச்சிக் கதைக்க ஒண்டு வேணும், எனக்கு வெளங்குது. சொல்றண்டா முழுசாச் சொல்லுங்க. அவன அந்தக் கரையில பெட்டோட நிப்பாட்டிட்டு நீங்க மட்டும் வந்திராதீங்க."

சரி என்றேன்.

6

போட்டி மூன்றாம் நாளே முடிந்துவிட்டது. எங்கள் ஆட்களில் காயப்பட்டவர்கள் துடுப்பெடுக்கவும் வரவில்லை. அடுத்த கிழமை வேலைக்குப் போனபோது தேநீர் மேசையில் இரண்டு புதுமுகங்கள், வேறு கிளையிலிருந்து வந்தவர்கள். கிரெக் கதிரையை எனக்கு இழுத்துப் போட்டார். "இவனிடம்தான் காரணம் இருக்கிறது. சொல்லப்பா, அந்தக் கடல் கதையை."

முழுசாகச் சொல்வது என்று வழி நெடுகத் தீர்மானித்துக்கொண்டு வந்தவன் நான். வசனங்களை ரயிலில் ஆங்கிலத்தில் கட்டியும் வைத்திருந்தேன். தொடங்கினேன். கடல், வீதி, சட்டம். சிரித்தார்கள். கிரெக் சிரித்து முடித்துத் தேநீர்க் கோப்பையை எடுக்கப் போனார். "இன்னும் இருக்கிறது" என்றேன். எல்லாரும் திரும்பினார்கள்.

ஒருநாள் காலையில் கடல் பின்னால் போய்விட்டது என்றேன். என் மனைவியின் தம்பி கடல் பக்கம் அடித்துவிட்டான் என்றேன். கூட்டாளி அவுட் என்று கத்தினான் என்றேன். அவன் மட்டையைக் கொடுக்கவில்லை. "கடல் எங்கே? கடலைக் காட்டு, கொடுக்கிறேன்" என்றான் என்றேன்.

மேசை வெடித்தது. புதியவர்களில் ஒருவருக்குத் தேநீர் மூக்கில் ஏறிவிட்டது. கிரெக் என் முதுகில் அறைந்து, இதுதான் எல்லாவற்றிலும் சிறந்தது, இதை ஏன் இவ்வளவு நாளும் ஒளித்து வைத்திருந்தாய் என்றார். அவர்கள் மேல் பிழையில்லை. நான் சொன்ன விதம் அப்படி. பகிடி சொல்லும் முகம் ஒன்று எனக்கு வந்துவிட்டது, அதைக் கழற்ற எனக்குத் தெரியவில்லை.

இன்னும் ஒரு வசனம்தான் மிச்சம் இருந்தது. சின்ன வசனம். ஆங்கிலத்தில் நாலே சொல். கட்டி வைத்திருந்தேன், நாக்கு நுனியில் இருந்தது. எல்லாரும் சிரித்த முகத்தோடு என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். நானும் சிரித்தேன். மணி அடித்தது, எழும்பினோம்.

வீட்டுக்கு வந்தேன். றிஸ்னா தேநீர் கொண்டுவந்து வைத்துவிட்டு எதிரில் உட்கார்ந்தாள்.

"கேட்டாங்களா?"

"ஓம்."

"முழுசாச் சொன்னீங்களா?"

"ஓம்."

"சிரிச்சாங்களா?"

"இல்ல" என்றேன்.

அவள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "அல்ஹம்துலில்லாஹ், அவங்களும் நல்ல மனிசர்தான்" என்றாள்.

ஊரில் இருந்து இதை வாசிக்கிற உங்களுக்கு அந்தக் கடைசி வசனத்தை நான் சொல்லத் தேவையில்லை. அதனால்தான் உங்களுக்கு எழுதுகிறேன்.